60 நொடிகளுக்குப் பிறகு

"இன்னா தம்பி சொல்லுது உங்க துப்பாக்கி?"

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதக் காலையில், வாலாஜாபேட்டைக்கு அப்பால் பாலாற்றங்கரையை ஒட்டிய ஒரு நிலத்தில் அந்த அம்மா இப்படிக் கேட்டார். நெல் அறுத்து முடிந்த வயல். பாதியில் தாள் நின்றது. மறு பாதியில் ஒன்றுமே இல்லை, மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. என் கல்லூரி நண்பன் குந்தி உட்கார்ந்து, சமப்படுத்திய மண்மேல் கருவியின் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தான். சிவப்பு விளக்கு மினுக்கியது. திரையில் 60-லிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தது. பூஜ்யம் வந்ததும் ஒரு பட்டியல். இரும்பு, துத்தநாகம், ஈயம் என்று வரிசையாக. குரோமியத்துக்கு நேரே 412. கேட்மியத்துக்கு நேரே என்.டி.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "ஆய்வகத்துல கொடுத்துப் பார்த்துட்டுச் சொல்றோம்மா" என்றான்.

"அப்போ இப்ப பார்த்தது இன்னா?"

இந்த இரண்டாவது கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை. காரில் திரும்பும்போது நண்பன் அறிவியல்பூர்வமாக நிறையச் சொன்னான், எல்லாமே சரி. ஆனால் அதில் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நான் மண் விஞ்ஞானி கிடையாது. சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்தக் கருவி துப்பும் எண்களை வாங்கி வரைபடத்தில் நிறமாகக் காட்டும் ஒரு செயலியை நண்பனின் குழுவுக்காக வார இறுதிகளில் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என் பங்கு. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல் எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளிருந்துதான் வருகிறது. கையடக்க எக்ஸ்ரே ஒளிர்வுமானி. பார்க்க வீட்டில் சுவரில் ஓட்டை போடும் டிரில் மெஷின் மாதிரி இருக்கும். விசையும் உண்டு, அதனால் போகும் ஊரிலெல்லாம் அதற்குத் துப்பாக்கி என்றே பெயர். நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்க ஒரு பெட்டிக்குள் மோதிரத்தை வைப்பார்களே, அதே தத்துவம். உள்ளே ஒரு சின்ன எக்ஸ்ரே குழாய். அது வீசும் கதிர் மண்ணிலிருக்கும் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. காலியான இடத்துக்கு மேல்வட்டத்திலிருந்து ஒன்று இறங்கி வருகிறது. இறங்கும்போது மிச்சமாகும் ஆற்றல் இன்னொரு எக்ஸ்ரேயாக வெளியே வருகிறது. அந்த ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொன்று. குரோமியம் என்றால் 5.41 கிலோ எலக்ட்ரான்வோல்ட். இரும்பு என்றால் 6.40. 1913-ல் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேயர் இந்த வரிசையைக் கண்டுபிடித்தார். இரண்டு வருடம் கழித்து, 27 வயதில், கலிப்போலிப் போரில் குண்டடிபட்டு இறந்தார். இதை எங்காவது எழுத வாய்ப்புக் கிடைத்தால் விடக்கூடாது என்று வைத்திருந்தேன்.

அமிலத்தில் மண்ணைக் கரைத்து ஆய்வகத்தில் அளக்கும் பழைய முறைக்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஒரு மாதிரிக்கு ஆகும் செலவில் பத்து மாதிரி எடுக்க யோசிப்பார்கள். இந்தக் கருவியை ஒருமுறை வாங்கிவிட்டால் (நல்ல காரின் விலையைத் தாண்டும்) ஒரு நாளில் நூறு இடம் சுடலாம். எந்த வயலின் எந்த மூலையில் உலோகம் அதிகம் என்று சாயங்காலத்துக்குள் ஒரு சித்திரம் கிடைத்துவிடும். இந்த வேகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கே தோண்டிப் பார்ப்பது என்றே தெரியாத ஊர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் பழைய முறையின் தாமதத்தில் ஒன்று இருந்தது. மண் ஒரு பையில் போகும். எண் ஒரு கடிதத்தில் வரும். நடுவில் யாரோ ஒருவர் அதைப் பார்த்து, இது சொல்லத்தக்கதா, எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று யோசித்திருப்பார், அல்லது யோசிக்காமல் அலமாரியில் வைத்திருப்பார். எப்படியானாலும் அளந்தவரும் நிலத்துக்காரரும் ஒரே வரப்பில் நின்று ஒரே திரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். புதிய கருவி அந்த நடுவழியை 60 நொடியாகச் சுருக்கிவிட்டது. எண் பிறக்கும்போதே சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கிறார். அவர் எண்ணைக் கேட்கிறார். யோசிக்க நேரம் கேட்டால், மறைக்கிறோம் என்று நினைக்கிறார். நியாயம்தானே.

*

சரி, 412 என்று சொல்லியிருந்தால் என்ன?

ஒரு கிலோ மண்ணில் 412 மில்லிகிராம் குரோமியம். வேளாண் நிலத்துக்குக் கனடாவின் வழிகாட்டி மதிப்பு 64. ஆறு மடங்குக்கு மேல். பயமுறுத்த இது போதும். ஆனால் அதே கனடா இன்னொரு எண்ணும் வைத்திருக்கிறது. குரோமியம்-6 என்ற வடிவத்துக்குத் தனியாக 0.4. வேதியியலில் குரோமியம் முக்கியமாக இரண்டு வேடத்தில் மண்ணில் இருக்கும். மூன்று எலக்ட்ரான் இழந்த குரோமியம்-3, ஆறு இழந்த குரோமியம்-6. முதலாவது மண்ணைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும், பெரும்பாலும் கரையாது. இரண்டாவது தண்ணீரோடு ஓடும், உயிரணுவுக்குள் நுழையும், சுவாசத்தில் போனால் புற்றுநோய் தரும். தோல் பதனிட டேனரிகளில் பயன்படுத்துவது முதல் வகை. ராணிப்பேட்டையில் எப்போதோ மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேட்டிலிருந்து, மழை பெய்தால் மஞ்சளாக வடிகிறதே, அது இரண்டாம் வகை. போதாக்குறைக்கு மண்ணிலிருக்கும் மாங்கனீஸ் ஆக்சைடு முதலாவதைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவதாக மாற்றக்கூடும். மக்கிய இலைதழை அதைத் திருப்பி மாற்றும்.

கருவிக்கு இந்த வேடம் தெரியாது. அது தட்டுவது உள்வட்டத்து எலக்ட்ரானை. வேதிப்பிணைப்பு நடப்பது வெளிவட்டத்தில். வீட்டு வாசலில் நடக்கும் கல்யாணம் பின்கட்டில் இருப்பவருக்குத் தெரியாதது மாதிரி. அதற்கு எல்லாமே குரோமியம்தான், 5.41.

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஒரு ஊர். அங்கே பாறையிலேயே குரோமைட் தாது இருக்கிறது, நிலவியல்காரர்களுக்குப் புகழ்பெற்ற இடம். அந்தப் பாறை உதிர்ந்த மண்ணில் துப்பாக்கியை வைத்தால், டேனரிக் கழிவுநீர் பாய்ந்த மண்ணுக்கு வரும் எண்ணே அங்கும் வரலாம். ஒன்றில் யாரும் எதுவும் கொட்டவில்லை. தாதுவுக்குள் இறுகிக் கிடக்கும் உலோகம் அது. எண் ஒன்றுதான், அதன் பின்னாலிருக்கும் கதைகள் வேறு வேறு.

அதுபோக, நாங்கள் அளந்தது அவருடைய நிலத்தையே அல்ல. கருவியின் சாளரம் ஒரு சட்டைப் பித்தான் அகலம். குரோமியத்தின் எக்ஸ்ரே வலுவில்லாதது, மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்திலிருந்து வருவது மட்டும்தான் வெளியே தப்பிக்கும். மண் ஈரமாக இருந்தால் எண் குறையும். கல்லும் கட்டியுமாக இருந்தால் தாறுமாறாகும். அதனால்தான் காயவைத்து, சலித்து, பல இடத்தில் சுட்டு, ஒரு பங்கையாவது ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிட வேண்டும் என்பார்கள். நண்பன் இதை எல்லாம் செய்பவன். "ஆய்வகத்துல பார்த்துட்டு" என்று அவன் சொன்னது தட்டிக்கழிப்பு இல்லை.

ஆனால் இதை எல்லாம் வரப்பில் நின்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? "உங்க மண்ல குரோமியம் இருக்கும்மா, ஆனா கெட்டதா நல்லதான்னு தெரியாது, மேலே இருக்குற தூசுலதான் பார்த்தோம், ஈரத்தைப் பொறுத்து மாறும்." இதைக் கேட்பவர் காதில் விழுவது முதல் நாலு வார்த்தை.

அன்று அந்த அம்மா எங்களுக்கு ஒன்று சொன்னார். வெள்ளை பூத்த பாதியைக் காட்டி, "உப்பு தம்பி. போர் தண்ணி பாய்ச்சப் பாய்ச்ச உப்பு ஏறிப்போச்சு. எங்க மாமியார் காலத்துல மூணு போகம்" என்றார். நான் தலையாட்டினேன். நண்பன் குறித்துக்கொண்டான். கருவி கேட்கவே இல்லை, ஏனென்றால் அதனால் முடியாது. சோடியம் மிக லேசான தனிமம். அதன் எக்ஸ்ரே காற்றில் சில மில்லிமீட்டர் போவதற்குள் செத்துவிடும், கையடக்கக் கருவிக்கு அது கண்ணிலேயே படாது. பச்சைத்தோல் கெடாமலிருக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள். அந்த உப்புதான் முதல் கழுவலில் வெளியேறி ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. பாலாற்றுப் படுகையில் பயிரைக் கருக்கியதில் பெரும்பங்கு அதற்குத்தான். குரோமியம் என்ற பெயர் செய்தித்தாளுக்கு ஏற்றது. உப்பு என்பது யாருக்கும் பயம் தராத வார்த்தை.

ஆக நாங்கள் அங்கே போனது, கருவிக்குத் தெரிவதை அளக்க. அவருக்குத் தெரிந்ததை அளக்க அல்ல.

*

இப்போது என் தவறு.

கருவி ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பு தரும். ஒரு தனிமத்தைக் காண முடியாவிட்டால் அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் என்.டி. என்று எழுதும். கண்டறியப்படவில்லை என்று பொருள். என் நிரல் ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணாக மாற்றப் பார்க்கும். மாறவில்லை என்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு வரி. அதை எழுதும்போது நான் யோசித்ததாகக்கூட நினைவில்லை. மென்பொருள்காரர்கள் தினமும் இதைச் செய்கிறோம், காலியாக இருந்தால் பூஜ்யம், செயலி நடுவில் விழுந்துவிடக் கூடாது அல்லவா. வரைபடத்தில் பூஜ்யத்துக்குப் பச்சை.

அதனால் கேட்மியம் வரைபடம் ஊர் முழுக்கப் பச்சையாக வந்தது. கிராமத்தில் ஒரு கூட்டம் போட்டு நண்பனின் மாணவர்கள் அதை அச்சிட்டு ஒட்டினார்கள். சிலர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆய்வகத்திலிருந்த ஒரு பெரியவர், மண் பரிசோதனையிலேயே தலை நரைத்தவர், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நண்பனைக் கேட்டாராம்: "இந்த மெஷின்ல கேட்மியம் எவ்வளவு இருந்தா தெரியும்?" கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் பக்கத்தில் இருந்தால்தான் நம்பும்படி தெரியும். வேளாண் நிலத்தில் கேட்மியத்துக்குக் கனடாவின் வழிகாட்டி மதிப்பு 1.4. கவலைப்பட வேண்டிய அளவுக்குப் பல மடங்கு மேலே போனால் மட்டும் வாய்திறக்கும் கருவி அது. அதன் மௌனத்தை நான் "இல்லை" என்று மொழிபெயர்த்து, பச்சைச் சாயம் பூசி, ஊரில் ஒட்டிவிட்டேன்.

அங்கே கேட்மியம் இருந்ததா என்றால், டேனரிப் பகுதியில் அது முதல் சந்தேகமே அல்ல. யாருக்கும் தீங்கு வந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால் எனக்கு வேறொன்று உறைத்தது. 412 என்று சொல்வதற்கு நாங்கள் இருவரும் எவ்வளவு தயங்கினோம்! பச்சை என்று சொல்வதற்கு ஒரு நொடி தயங்கவில்லை. கெட்ட செய்திக்குத்தான் சான்று வேண்டும் என்று நினைத்துக்கொண்டோம். நல்ல செய்தி தானாகவே நிரூபணமாகிவிட்டது மாதிரி. உண்மையில் இரண்டுக்கும் கருவி தந்த ஆதாரம் ஏறக்குறைய ஒரே அளவு பலவீனமானது. கெட்ட செய்தி தவறானால் ஒருவர் வந்து சண்டை போடுவார். நல்ல செய்தி தவறானால் யாரும் வரமாட்டார்கள், அது மெதுவாக, முகம் தெரியாமல் நடக்கும். எங்கள் தயக்கத்தில் பாதி அறம், பாதி பயம். எந்தப் பாதி எது என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது என்.டி. சாம்பல் நிறம். செல்போனில் போன பச்சையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

*

இந்த நிலத்துக்கு ஒரு வழக்கு உண்டு. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும், டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்றும் அதில் பதிவாகியிருக்கிறது. சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைச் சொல்லிக்கொடுப்பது வேறு காரணத்துக்காக. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கைக்குள் ஒரு முக்கியமான வரி: தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் தொழில் நடத்துபவர்மேல். பாதிக்கப்பட்டவர் நிரூபிக்கத் தேவையில்லை.

பிறகு அமைக்கப்பட்ட ஆணையம் 2001-ல் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகமாக இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம்.

தொகை கிடக்கட்டும். அந்தப் பாரத்தை யார் தோளில் வைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாங்கள் துப்பாக்கியோடு போய் நின்றது எங்கே? ஆலைக்குள் அல்ல, வயலில். கருவி எந்தத் திசையில் நீட்டப்படுகிறதோ அந்தத் திசையில் குற்றவாளி உருவாகிறான். 412 என்ற எண் எழுதப்பட்டது அந்த அம்மாவின் சர்வே எண்ணுக்கு எதிரே. வரைபடத்தில் சிவந்தது அவர் நிலம். நாளை விற்கப் போனால் விலை குறைவது அவருக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டால் கேள்வி வருவது அவருக்கு. "எங்க மண்ணு நல்ல மண்ணுதான்" என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். நீதிமன்றம் ஆலையின் தோளில் வைத்த பாரத்தை நாங்கள் 60 நொடியில் எடுத்து இவர் தலையில் வைத்தோம், நல்லெண்ணத்தோடு.

இதே கருவி நியாயமாக வேலை செய்த ஒரு இடம் எனக்குத் தெரியும். வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு வருவதற்காக ஈய குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசிக்கொண்டிருந்தார்கள். 2019-ல் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் டாக்காவின் ஷ்யாம்பஜார் மொத்தச் சந்தைக்கு இந்தக் கருவியோடு போய், ஈயம் காட்டிய மஞ்சளை அங்கேயே பறிமுதல் செய்து வியாபாரிகளுக்கு அபராதம் போட்டார்கள். ஈயம் கலந்த மாதிரிகள் அந்த வருடம் 47 சதவீதம். 2021-ல் பூஜ்யம். இந்தப் பூஜ்யம் என்னுடைய பூஜ்யம் மாதிரி அல்ல. அங்கே சாயம் பூசியவரும் வியாபாரிகளும் அபராதம் போடுபவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார்கள். எண் போய்ச் சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. மண்ணில் அப்படி இல்லை. கொட்டியவர் முப்பது வருடம் முன்னால் போய்விட்டார், நிலத்துக்காரர்தான் இருக்கிறார்.

நிலத்தைச் சரிசெய்த கதையும் இருக்கிறது. ஜப்பானில் ஜின்சு ஆற்றின் கரையில், மேலே இருந்த சுரங்கத்தின் கேட்மியம் நெல் வயல்களில் படிந்து, எலும்பு நொறுங்கும் இத்தாய்-இத்தாய் நோய் வந்தது. 1968-ல் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. 1979-ல் வயல்களின் மண்ணைப் புதைத்து மேலே நல்ல மண் போடும் வேலையைத் தொடங்கினார்கள். முடிந்தது 2012-ல். செலவில் சுரங்க நிறுவனத்துக்கும் பங்கு. அளந்து முடித்தபின் நடக்க வேண்டிய வேலையின் நீளம் அது, 33 வருடம். நாங்கள் ஒரு சனிக்கிழமை காலையில் போய்விட்டு மத்தியானம் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினோம்.

*

மருத்துவத்தில் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்கிறார்கள். பரம்பரையாக வரும், மருந்தில்லாத ஒரு நோய்க்கு மரபணுச் சோதனை செய்யும்முன் ஆலோசனை தருவார்கள். முடிவு தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த மனிதரே தீர்மானிக்கலாம். யுனெஸ்கோவின் 1997 மரபணுப் பிரகடனத்தில் இந்த உரிமை இருக்கிறது. எங்கள் வேலைக்கும் அதைக் கொண்டுவரலாமே என்று கொஞ்ச நாள் நினைத்தேன். விசையை அழுத்தும்முன் கேட்போம்: "முடிவு உங்களுக்கு வேணுமா அம்மா?"

அது சரிவராது என்று பிறகு புரிந்தது. மரபணு ஒருவரின் உடலோடு இருக்கிறது. மண் அப்படி அல்ல. அதில் விளைவது சந்தைக்குப் போகிறது, யாரோ ஒரு வீட்டில் குழந்தை சாப்பிடுகிறது. கிணறு பக்கத்து நிலத்தோடு அடியில் சேர்ந்திருக்கிறது. நிலத்துக்காரருக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை இருக்கலாம், சாப்பிடுபவரின் தெரிந்துகொள்ளும் உரிமையை அது அழிக்க முடியாது. அப்படியென்றால் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் முதலில் விழுவது அந்த அம்மா. இங்கே வந்து நான் பலமுறை நின்றிருக்கிறேன்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே உண்மைக்கு ஒரு விசித்திரமான வரையறை தருகிறார். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று சொல்வதில்லை. பிறருக்குத் தீங்கு வராதபடி பேசுவது என்கிறார். பள்ளியில் படித்தபோது இது எனக்கு ஒரு சமாளிப்பாகத் தோன்றியது. பொறியியல் படித்தவனுக்கு அளவை என்றால் அளவை, அதில் தீங்கு எங்கே வந்தது? இப்போது வேறு மாதிரி படுகிறது. 412 என்பது பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறுவது உண்மையும் இல்லை. மற்றதையும் சேர்த்துத்தான் அது ஒரு முழு வாக்கியம் ஆகும்: எந்த வடிவம், எவ்வளவு ஆழம், யார் கொட்டியது, இனி யார் வருவார்கள். மற்றதைத் தேடும் பொறுப்பு விசையை அழுத்தியவனுக்கு வந்துவிடுகிறது, அவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அதற்குத் தயாரில்லை என்றால் அழுத்தாதே என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் யாரும் எதையும் அளக்கமாட்டார்கள். அதைவிட வசதியானது ஆலைக்கு வேறொன்றும் கிடையாது.

2025-ல் மாசடைந்த இடங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளூர் நிர்வாகம் பட்டியலிட வேண்டும், வாரியம் ஆராய வேண்டும், மாசுபடுத்தியவர் செலவு தர வேண்டும். காகிதத்தில் நல்ல விஷயம்தான். அந்த அம்மாவின் நான்கு மூலைக் காணி எந்தப் பட்டியலுக்குள் வரும் என்று பார்க்க வேண்டும்.

என்னுடைய கை சுத்தம் என்றும் எண்ணவேண்டாம். என் மாமா வாணியம்பாடியில் ஒரு டேனரியில் சூப்பர்வைசர். சின்ன வயதில் ஒருமுறை கூட்டிப்போனார். குரோமியத்தில் ஊறி வந்த தோல்கள் வெளிர் நீலத்தில் அடுக்கடுக்காகக் கிடந்தன, எனக்கு அது அழகாக இருந்தது. என் நான்கு வருடக் கல்லூரிக் கட்டணத்தில் இரண்டு வருடம் அவர் கட்டினார். நான் நிரல் எழுதக் கற்றது அந்தப் பணத்தில்.

*

ஐந்து வாரம் கழித்து ஆய்வக முடிவு வந்தது. தபாலில் அனுப்பலாம் என்றார்கள். நண்பன், "நேர்ல போலாம்டா" என்றான்.

குரோமியம்-6 ஆய்வகத்தின் கண்டறியும் எல்லைக்குக் கீழே. மொத்த குரோமியம் துப்பாக்கி சொன்னதற்குப் பக்கத்தில். மின்கடத்துத்திறன் 4-ஐத் தாண்டினாலே உவர் நிலம் என்பார்கள், இவருடையது அதற்கும் மேலே. சோடியம் மிக அதிகம். நண்பன் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். ஜிப்சம் போடலாம், ஆனால் உப்பைக் கீழே கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், போர் தண்ணீரே உப்பு என்பதால் மழையை நம்பித்தான்.

"உப்புன்னு நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் அந்த அம்மா. கோபமாக இல்லை.

குரோமியம்-6 பற்றிச் சொல்லும்போது நண்பன் "இல்லைம்மா" என்று தொடங்கினான். நான் இடைமறித்தேன். "இல்லைன்னு இல்லம்மா. இருந்தாலும் அவங்க மெஷினுக்குத் தெரியுற அளவுக்குக் கீழதான்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். படித்த பையன் ஏன் இப்படிக் குழப்புகிறான் என்ற பார்வை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புதிய வரைபடத்தையும் காட்டினோம். அவர் நிலம் குரோமியத்தில் சிவப்பு, கேட்மியத்தில் சாம்பல். சாம்பல் என்றால் தெரியாது என்று சொன்னேன். அவர் விரல் வரைபடத்தில் ஆற்றை ஒட்டி மேலே நகர்ந்து, நிறமே இல்லாத ஒரு கட்டத்தில் நின்றது.

"இது அந்த ஷெட்டு மதில்தானே? இங்க சுடலையா?"

"அது உள்ள போகணும்னா பர்மிஷன் வாங்கணும்மா" என்றான் நண்பன். "எழுதிக் கேட்டிருக்கோம். இன்னும் வரல."

அவர் ஆய்வகக் காகிதத்தை மடித்து, ரேஷன் கார்டு இருந்த மஞ்சள் பைக்குள் வைத்தார்.

"எங்க நிலத்துக்கு யார்கிட்ட எழுதிக் கேட்டீங்க?"

அவரிடம் நாங்கள் வாயால்தான் கேட்டிருந்தோம். வரப்பில் நின்று, "கொஞ்சம் மண்ணு பார்த்துக்கறோம்மா" என்று.